நீலமடித்த அந்தப் படங்கள் என்னுடையவை

தம்பி,

உன் அம்மா எழுதியிருந்தால் மேலே ஒரு வேத வசனமும் அதற்குக் கீழே நலம் விசாரிப்பும் வைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்திருப்பாள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை என்று உனக்குத் தெரியும். இந்தக் கடிதத்துக்கு அது ஒத்தும் வராது. முதலில் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பிறகு எவ்வளவு நீட்டினாலும் நீ பொறுத்துக்கொள்வாய். உன் அம்மா வேலை பார்த்த பள்ளிக்கூடத்து மண்டபத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கின்றனவே, அவற்றை எடுத்தவன் நீ. அச்சிட்டவன் நீ இல்லை, நான். நீ அச்சிட்டு வைத்திருந்ததை நான் வெட்டிப் போட்டுவிட்டேன்.

இதைப் படித்துவிட்டு நீ கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைப்பாய் என்று நினைக்கிறேன். வைத்துவிட்டு வா. நான் எங்கும் போகவில்லை.

உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனையூர் வீட்டில் சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். சொல்லியிருந்தால் நீ "பரவாயில்லப்பா" என்று சொல்லி, குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தியிருப்பாய். எனக்கும் அது வசதியாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபையோடு சேர்ந்து பாவ அறிக்கை சொல்லுகிறோமே, அது எனக்கு எப்போதுமே சுலபம். எல்லோரும் சேர்ந்து முணுமுணுப்பதால் யாருடைய பாவம் எது என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் உன்னைத் தலைகுனிய வைத்தது மண்டபம் நிறைய ஆட்கள் இருந்த இடத்தில். அதைத் திரும்ப எடுப்பதும் அத்தனை பேர் காதில் விழ வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் மலரில் இதைப் போடக் கொடுக்கிறேன். அச்சுக்குப் போவதற்கு முன்னால் ஒரு பிரதி உன் கையில் இருக்கும்.

இவ்வளவு நாள் இல்லாமல் இப்போது ஏன் என்றால், போன வாரம் நடந்த ஒன்றுதான் காரணம். உன் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனோம். நம் வழக்கப்படி வெள்ளைப் புடவை. வெள்ளை என்று ஒரு நிறம் இருப்பதாக நினைத்துப் போனால், கடைக்காரர் எடுத்துப்போட்ட வெள்ளைகள் ஒரு மெத்தை உயரத்துக்குக் குவிந்தன. பால் வெள்ளை, கிரீம் அடித்தது, தந்தம் போல ஒன்று, லேசாக நீலம் கலந்தது ஒன்று. நமக்கு மருமகளாக வரப்போகிற ஷீபா இரண்டைக் கையில் எடுத்துத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டு உன்னிடம் கேட்டாள். "இதுல எதுங்க சுத்த வெள்ளை? சபைக்குள்ள போயி நின்னா மஞ்சளாத் தெரியக் கூடாது." நீ புடவையைப் பார்க்கக்கூட இல்லை. "எனக்கு அந்தக் கண்ணு கிடையாது ஷீபா. அப்பாவக் கேளு" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். அவளும் வேடிக்கைப் பேச்சு என்று நினைத்து என் பக்கம் திரும்பி, "சொல்லுங்க மாமா" என்றாள். தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டேன். கடைசியில் உன் அம்மாதான் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். தன் கல்யாணத்துக்கு, தன் மனைவி கட்டப்போகும் புடவைக்கு, தன் கண்ணை நம்ப மாட்டேன் என்று ஒரு பிள்ளை சொல்கிறான் என்றால், அவனை அப்படி ஆக்கியவன் எப்படித் தொண்டையில் சோறு இறக்குவான்? எனக்கு இறங்கவில்லை.

அந்தக் கண் உனக்கு இல்லை என்று சொன்னவன் நான். ஒரு தடவை இல்லை, பல தடவை. சிம்மக்கல்லில் நம் போட்டோக் கடையில் வாடிக்கையாளர் முன்னால், லேமினேஷன் போட வந்த பையன்கள் முன்னால், டீ கொண்டுவந்தவர் முன்னால். நீ படிப்பை முடித்துவிட்டுக் கடைக்கு வந்து, அந்தப் பெரிய பிரிண்டரை வாங்க வைத்து, கறுப்பு வெள்ளைப் படம் அச்சிட ஆரம்பித்தபோது எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். வெளியே காட்டவில்லை. கறுப்பு வெள்ளை என்றால் எனக்குத் தெரியாததா என்ற எண்ணம் வேறு. கறுப்பு மை மட்டும் போட்டால் படம் கறுப்பாக வரும் என்று நான் நினைத்திருந்தேன். நீதான் காட்டினாய். வெறும் கறுப்பு மை தாளில் இறங்கினால் பழுப்பு அடிக்கும். அதனால் கறுப்பு, சாம்பல், வெளிர் சாம்பல் என்று மூன்று மையோடு ஒரு துளி நீலம், ஒரு துளி சிவப்பு சேர்த்துத்தான் மெஷின் சாம்பலைக் கட்டுகிறது. அந்தத் துளி கொஞ்சம் கூடினால் ஒரு பக்கம் சாயும், குறைந்தால் மறு பக்கம் சாயும். கடைகளில் அதற்கு நியூட்ரல் என்று சொல்வார்கள். நீ "எந்தப் பக்கமும் சாயாத சாம்பல்" என்பாய்.

அதற்காக நீ பட்ட பாட்டை நான் கேலி செய்திருக்கிறேன். கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக வெளுத்துக்கொண்டே போகும் ஒரு பட்டையை முதலில் அச்சிடுவாய். அதை ஈரத்தில் பார்க்க மாட்டாய், மறுநாள் வரை காயவிடுவாய். காய்ந்த பிறகு கடை வாசலில், வெயில் விழாத நிழல் வெளிச்சத்தில், கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பாய். பிறகு உள்ளே டியூப் லைட்டுக்குக் கீழே, பிறகு அந்தப் பழைய குண்டு பல்புக்குக் கீழே. மூன்று வெளிச்சத்திலும் குணம் மாறாமல் இருந்தால்தான் படத்தைப் போடுவாய். "தாளுக்கு ஜாதகம் கணிக்கிறான்யா எம் மகன்" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நான் என்ன செய்வேன்? தாள் மெஷினை விட்டு வெளியே வந்த கையோடு டியூப் லைட்டில் தூக்கிப் பிடித்து, "மஞ்சளடிக்குது, மாத்து" என்பேன்.

எல்லாமே மஞ்சளடித்தது எனக்கு. நீ போட்ட படம் மட்டுமா? தாளே மஞ்சள் என்று தாள் கொடுப்பவரோடு சண்டை போட்டு, மூட்டையாகத் திருப்பி அனுப்பினேன். டியூப் லைட் மங்கிவிட்டது என்று எல்லாவற்றையும் மாற்றினேன். வீட்டில் சுவருக்கு வெள்ளை அடித்தவரைக் கூப்பிட்டு, "இது என்னய்யா வெள்ளை?" என்று கேட்டேன். அந்த மனிதர் சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சட்டை விஷயம் உனக்கே தெரியும். என் வெள்ளைச் சட்டைகள் பழுப்பேறிவிட்டன என்று உன் அம்மாவை நச்சரித்து, சொட்டு நீலத்தைக் கூட்டிக் கூட்டிப் போட வைத்தேன். அவள் போடாவிட்டால் நானே வாளிக்குள் பாட்டிலைக் கவிழ்த்தேன். எனக்கு அப்போதுதான் சட்டை வெளுத்ததாகத் தெரிந்தது. நீலச் சட்டை போட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்ட நினைப்பில் காணிக்கைத் தட்டைத் தூக்கிக்கொண்டு சபை முழுக்க நடந்திருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை. சொன்னால் நான் கேட்கிற ஆள் இல்லை என்று அவர்களுக்கும் தெரியும் போலிருக்கிறது.

நீ சொன்னாய். "அப்பா, கண்ணாஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருவோமா? வயசானா எல்லாருக்கும் வாரதுதான?" என்று எவ்வளவு பக்குவமாகக் கேட்டாய். எனக்கு அது வசவாகப் பட்டது. தொழில் சொல்லிக் கொடுத்த அப்பனுக்கே கண் தெரியவில்லை என்கிறானே என்று கொதித்தேன். கொதித்து என்ன செய்தேன் என்று நினைத்தால் இப்போது சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உன்னை இழுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனேன். நிறக்குருடு இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் புள்ளிப் புள்ளியாக ஒரு புத்தகம் வைத்திருப்பார்களே, அதைக் காட்டச் சொன்னேன். வளர்ந்த பிள்ளை, மீசை வைத்த பிள்ளை, பள்ளிக்கூடப் பையன் மாதிரி முக்காலியில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புள்ளிக்குள் இருந்த எண்ணைப் படித்தாய். ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைக்காரர் புத்தகத்தை மூடிவிட்டு, "தம்பி கண்ணு ஜோரா இருக்குண்ணே. வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் ஒருக்கா காட்டிட்டுப் போறது?" என்றார். நான் எழுந்துவிட்டேன். வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது உன்னிடம் சொன்னேன். "எண்ணு படிக்கிறது வேற, சாம்பல் பாக்குறது வேற. அது பொறவியிலயே வரணும். உனக்கு அது கிடையாது."

நீ பதில் பேசவில்லை. பேசியிருக்க வேண்டும் என்று இப்போது சொல்வதும் உன் தலையில் பாரத்தை ஏற்றுவதுதான். ஆனாலும் குடும்பம் நடத்தப் போகிற பிள்ளைக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். மரியாதை என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளாதே. நீ மூடியதால் என் மரியாதை ஒன்றும் கூடவில்லை, திமிர்தான் கூடியது. நாளைக்கு உன் வீட்டில் ஷீபா பேசாமல் இருந்தால், சரியென்று ஒத்துக்கொண்டாள் என்று நீயும் நினைத்துவிடாதே. நான் அப்படித்தான் நினைத்தேன்.

இனி அந்த மண்டபத்து விஷயம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எல்லோரையும் படம் எடுத்து மாட்ட வேண்டும் என்று தலைமையாசிரியை உன்னைக் கேட்டார். கடையைக் கேட்கவில்லை, உன்னைக் கேட்டார். அது எனக்கு உறுத்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ ஒவ்வொரு வீடாகப் போனாய். ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே எடுத்தாய். உன் அம்மாவையும் எடுத்தாய். இருபதுக்கு மேல் படங்கள். மாதக்கணக்கில் காயவிட்டு, வாசலில் பிடித்துப் பார்த்து, திரும்ப அச்சிட்டு, ஒரு வழியாக முடித்து, தாளுக்குத் தாள் நடுவே மெல்லிய காகிதம் வைத்து அடுக்கி, "நாளைக்கு பிரேம் போடுறவர் வந்தா குடுத்துருங்கப்பா" என்று சொல்லிவிட்டு, அம்மாவோடு திருமங்கலத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனாய்.

மறுநாள் காலையில் நான் அந்தக் கட்டைப் பிரித்தேன். எல்லா முகமும் டீத்தண்ணீரில் முக்கியெடுத்த மாதிரி எனக்குத் தெரிந்தது. உண்மையாகவே அப்படித்தான் தெரிந்தது, தம்பி. இதைக் கொண்டுபோய் மாட்டினால் மானம் போகுமே என்று பயந்தேன். உன் மானம் என்று அன்றைக்குச் சொல்லிக்கொண்டேன். கடையின் மானத்தைத்தான் நினைத்திருப்பேன். கம்ப்யூட்டரில் உன் படங்களைத் திறந்து, சாயல் மாற்றும் அந்த வட்டத்தில் புள்ளியை நீலத்தின் பக்கம் நகர்த்தினேன். ஒரு தாள் எடுத்தேன். இன்னும் மஞ்சள். இன்னும் நகர்த்தினேன். எனக்குச் சரியென்று படும்வரை நகர்த்தி, எல்லாவற்றையும் புதிதாக அச்சிட்டேன். காயக்கூட விடவில்லை. உன்னுடையவற்றை வெட்டும் பலகையில் வைத்து நாலு நாலாக வெட்டினேன். கனத்த தாள், கையால் கிழிபடாது. உன் அம்மா முகத்தையும் வெட்டினேன். நீ வைத்திருந்த மாதிரியே நடுவில் காகிதம் வைத்து, நீ கட்டியிருந்த மாதிரியே கட்டி, பிரேம் போடுபவர் கையில் கொடுத்தேன். சாயங்காலம் நீ வந்து, "குடுத்துட்டீங்களாப்பா?" என்று கேட்டாய். "குடுத்தாச்சு" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏன் சொல்லவில்லை? மாட்டியதும் எல்லோரும் பாராட்டுவார்கள், அப்போது சொல்லலாம் என்று நினைத்தேன். பிள்ளையின் வேலையை அப்பன் காப்பாற்றியதாக ஒரு கதை என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நாள் உனக்கு என்னைவிட நன்றாக நினைவிருக்கும். திரையை இழுத்தார்கள். மண்டபத்தில் பெரிய பெரிய ஜன்னல், காலை வெளிச்சம். கைதட்டல் ஆரம்பித்து, பாதியில் தேய்ந்துபோனது. ஒரு டீச்சர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கிசுகிசுத்தார். தலைமையாசிரியை உன் மனம் நோகாமல் கேட்கப் பார்த்து, "என்ன தம்பி, எல்லாரும் குளிர்ல வெறைச்சுப் போன மாதிரி இருக்கோம்?" என்றார். உன் அம்மாவுக்கு எங்கே எதைப் பேசுவதென்று என்றைக்குத் தெரிந்தது? "நான் இன்னும் உசுரோடதான இருக்கேன்? அதுக்குள்ள ஐஸ் பொட்டிக்குள்ள வச்சுப் படம் புடிச்ச மாதிரி இருக்கு" என்றாள். மண்டபமே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. ஒவ்வொரு படமாகப் போய், மூக்கு இடிக்கும் அளவு கிட்டே நின்று பார்த்தாய். உன் கண் சரியாகத்தான் பார்த்தது. நீலம் என்று உனக்கு நன்றாகவே தெரிந்தது. ஆனால் அவை நீ அச்சிட்டவை என்று நம்பினாய். கடையில் சாயாத சாம்பலாகத் தெரிந்தது இங்கே இப்படி நிற்கிறதே, அப்படியானால் கடையில் பார்த்த கண்தான் பொய் என்று முடிவு கட்டினாய். திரும்பி வந்து எல்லோருக்கும் பொதுவாகக் கையைக் கூப்பி, "மன்னிச்சுருங்க டீச்சர். என் தப்புதான். அச்சிடும்போது எனக்கு இது தெரியல" என்றாய்.

நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என் கண்ணுக்குப் படங்கள் நன்றாகத்தான் இருந்தன. மண்டபத்து வெளிச்சம் சரியில்லை, இவர்களுக்கெல்லாம் என்ன தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் அத்தனை பேருக்கும் ஒரே மாதிரி தப்பாகத் தெரியாது என்பது எனக்கு விளங்காதா? விளங்கியது. அதனால்தான் எழவில்லை. அதோடும் விட்டேனா? கடைக்கு வந்து, நீ ஹெல்மெட்டைக் கழற்றிக்கூட வைக்கவில்லை, "நான் அப்பவே சொன்னேன்ல, உன் கண்ண நம்பாதேன்னு" என்றேன். நான் வெட்டிய தாள்கள் கடைக் குப்பைக் கூடையில் இன்னும் கிடந்தன, மேலே வேறு குப்பையைப் போட்டு வைத்திருந்தேன். நீ "ஆமாப்பா" என்றாய். அந்த ஒரு சொல்தான். அதற்குப் பிறகு பிரிண்டர் பக்கம் நீ போகவே இல்லை. அடுத்த மாதமே கப்பலூரில் லேபிள் அடிக்கும் கம்பெனியில் சேர்ந்தாய். "அங்க கண்ணே தேவையில்லப்பா. கலர் மீட்டர வச்சா அதுவே சொல்லிரும், நான் எழுதிக்கிட்டா போதும்" என்று உன் அம்மாவிடம் சொன்னாயாம். அவள் அதை நல்ல வேலை என்று என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாள். நானும் நல்லதுதான் என்றேன்.

பிறகு படியில் கால் தவறி விழுந்து, உன் அம்மா போட்ட சத்தத்தில் வேறு வழியில்லாமல் கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண்ணுக்கு அறுவை செய்தார்கள். கட்டைப் பிரித்ததும் எனக்கு எதிரே நின்ற நர்சம்மாவின் உடுப்பைப் பார்த்தேன். அப்படி ஒரு வெள்ளையை நான் எவ்வளவோ காலமாகப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து, உன் அம்மாவிடம் "ஏன் இந்தச் சட்டையெல்லாம் இம்புட்டு நீலமா இருக்கு?" என்று கேட்டேன். "நல்லாக் கேட்டீங்க போங்க. எம்புட்டு வருசமா நீலம் பத்தல, நீலம் பத்தலன்னு என் உசுர வாங்குனது யாரு?" என்றாள். இடது கையால் வலது கண்ணைப் பொத்தினேன். சட்டை வெள்ளையாகிவிட்டது, சுவர் மஞ்சளாகிவிட்டது. கையை எடுத்தேன். சட்டை நீலம், சுவர் வெள்ளை. உன் அம்மா மேலே பேசிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் நான் தனியாக மண்டபத்துக்குப் போனேன். காவலாளி கதவைத் திறந்துவிட்டார். வலது கண்ணால் பார்த்தேன். எத்தனை பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்த முகங்கள், எல்லாம் பிணக்களை. உன் அம்மா தன் படத்தைப் பற்றிச் சொன்னது வேடிக்கைக்கே இல்லை. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். அருமையான படங்கள், எந்தப் பக்கமும் சாயவில்லை. அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கல்யாண வேலை இருக்கிறது, அது முடியட்டும், அவன் மனம் சந்தோஷமாக இருக்கிற நேரம், இப்போது ஏன் என்று நாளைத் தள்ளினேன். புடவைக் கடையில் நீ பேசியது காதில் விழாவிட்டால் இன்னும் தள்ளியிருப்பேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான் என்று நீ தெரிந்துகொள்வது நல்லது.

புடவை எடுத்த மறுநாள் தலைமையாசிரியையைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் படங்கள எடுத்துட்டா உங்க மகன் மனசு கஷ்டப்படுமேன்னுதான் சார் அப்படியே விட்டு வச்சிருக்கோம்" என்றார். பிறகு, "இத என்கிட்ட ஏன் சொல்றீங்க? அன்னைக்கு மன்னிப்புக் கேட்டது அவன். அவன்கிட்ட போயிச் சொல்லுங்க" என்றார். மலரில் போடக் கடிதமாக எழுதித் தருகிறேன் என்றதற்கு, தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டில் உன் அம்மாவிடமும் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, புரை விழுந்த கண்ணு, தெரியாமச் செஞ்சது. விடுங்க" என்றாள். அவள் ஆறுதலுக்குச் சொல்கிறாள். நீயும் அதையே சொல்லுவாய். அதை நான் ஏற்கப் போவதில்லை. புள்ளியை நீலத்தின் பக்கம் நகர்த்தியது புரை விழுந்த கண். அதற்கு நான் பொறுப்பில்லை என்று வேண்டுமானால் வைத்துக்கொள். ஒளித்து வைத்துக் கட்டிக் கொடுத்தது என் கை. இரண்டாவது வரிசையில் மூடிக்கொண்டிருந்தது என் வாய். "உன் கண்ண நம்பாதே" என்றதும் அதே வாய்தான். அவற்றுக்குப் புரை ஒன்றும் விழவில்லை. என் பிள்ளை என்னை நம்பினான், தன் கண்ணைவிட என் சொல்லை நம்பினான். அந்த நம்பிக்கையை வைத்து நான் அவனைக் குருடாக்கினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது, தம்பி. என்னை மன்னித்துவிடு என்று கேட்கிறேன். உடனே மன்னித்துவிடாதே என்றும் கேட்கிறேன். நீ தாளைக் காயவிட்டுத்தானே பார்ப்பாய், இதையும் அப்படியே செய். கோபம் வந்தால் வரட்டும்.

இப்போது ஒரு சிக்கல் இருக்கிறது. உன் கண் சரி என்று நான் சொல்கிறேன். உன் கண் சரியில்லை என்று சொன்னதும் இதே நான்தான். முன்னே அதை நம்பினாய், இப்போது இதை நம்பு என்றால் என்ன மாறியது? என் சொல்லைக் கேட்டு உன் கண்ணை நீ நம்பக் கூடாது. அது திரும்பவும் என் கண்ணால் நீ பார்ப்பது மாதிரிதான். நாலு நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இப்படிச் செய்வோம். இடது கண்ணுக்கு அறுவை செய்ய ஆஸ்பத்திரியில் நாள் கொடுத்தார்கள். நான் வேண்டாம் என்று திரும்பி வந்துவிட்டேன். அந்த டாக்டரம்மா, "முத்திப் போச்சுன்னா கஷ்டம் சார்" என்று கோபித்துக்கொண்டார். உன் அம்மா என்னைக் கிறுக்கன் என்கிறாள். இருந்துவிட்டுப் போகட்டும். உன் படங்களை அன்றைக்குப் பார்த்த கண் இது ஒன்றுதான் மிச்சம் இருக்கிறது. இதையும் மாற்றிவிட்டால் நான் எப்படிப் பார்த்தேன் என்பதற்கு என் வாய்ச்சொல் மட்டும்தான் சாட்சி, அந்தச் சாட்சி எவ்வளவு யோக்கியம் என்று உனக்குத் தெரியும். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைக்கு வா. பிரிண்டரை நான் துடைத்து, அடைத்துக் கிடந்ததைச் சுத்தம் செய்து, மை மாற்றி வைத்திருக்கிறேன். உன் அம்மா படத்தைத் திற. என் வலது கண்ணை நீயே துணி வைத்துக் கட்டு, தளர்வாகக் கட்டாதே. பிறகு அந்த வட்டத்தை என் கையில் கொடு. நான் நகர்த்தி, அச்சிட்டு, திரும்ப நகர்த்தி, எது எனக்கு நல்ல சாம்பலாகப் படுகிறதோ அதில் நிறுத்துகிறேன். அதற்குப் பக்கத்திலேயே நீ உன் போக்கில் ஒன்று போடு. இரண்டையும் காயவை. உன் வழக்கப்படி எத்தனை நாள் வேண்டுமானாலும் காயவை. காய்ந்ததும் இரண்டையும் எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போவோம். ஷீபாவையும் கூட்டிக்கொள். ஜன்னல்களைத் திறந்துவிட்டு, சுவரில் தொங்குகிற அம்மா படத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று நீயே பிடித்துப் பார்.

அன்றைக்கு நான் வாய் திறக்க மாட்டேன். எது நீலம், எது மஞ்சள், எது சாயாதது என்று நீ சொல்ல வேண்டும். சத்தமாகச் சொல்ல வேண்டும், அந்த மண்டபத்தில் கேட்கிற மாதிரி. நீ சொல்லி முடித்த பிறகுதான் நான் இந்தக் கண்ணை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன். அதுவரை இது இப்படியே மஞ்சளாகப் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

என்றைக்கு வருகிறாய் என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பு.

உன் அப்பா